கிராஃபீனைக் கெடுப்பது கேன் தண்ணீரும் அவசரமும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் கிராஃபீன் (ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம்) சென்சார்களில் பலவற்றுக்கும் ஒரே நோய்தான். வாங்கிய கிராஃபீனில் குறை இருக்காது; அதை வேஃபருக்கு, அதாவது சென்சாரைத் தாங்கும் சிலிக்கான் வில்லைக்கு, மாற்றிய விதத்தில்தான் இருக்கும்.

செம்புத் தகட்டில் சுமார் 1000 டிகிரி சூட்டில், மீத்தேன் வாயுவிலிருந்து வளர்த்த படலம் அது. மேலே பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, அடியிலுள்ள செம்பை ரசாயனத்தில் கரைத்து, மிதக்கும் படலத்தை வேஃபரில் ஏந்துகிறோம். கடைசியில் பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கரைக்கிறோம். கிராஃபீனின் தடிமன் 0.34 நானோமீட்டர்தான். கழுவிய பிறகும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் கசடோ ஓரிரு நானோமீட்டர் இருக்கும். சரக்கைவிட அழுக்கு கனம்! சுத்தமான கிராஃபீன் டிரான்சிஸ்டரில் கேட் வோல்டேஜ் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம்) பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது மின்னோட்டம் மிகக் குறையும். கசடு இருந்தால் அந்த இடம் பிளஸ் பக்கம் தள்ளிப்போகும். காற்றிலுள்ள ஈரமும் அதைச் செய்யும் என்பதால் எல்லாப் பழியையும் கசடின் மேல் போடவும் முடியாது.

தண்ணீருக்கு வருவோம். நம்மூர் போர் தண்ணீரின் லட்சணம் குடத்தில் படியும் உப்பைப் பார்த்தாலே தெரியும். அதனால் கேன் தண்ணீர் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். குடிக்கச் சரி, இதற்கு ஆகாது. அதில் மிச்சமிருக்கும் உப்பு படலத்துக்கும் வேஃபருக்கும் நடுவில் சிக்கினால் எடுக்க வழியே இல்லை. 18 மெகாஓம்-சென்டிமீட்டர் அளவுக்கு மின்தடைத்திறன் உள்ள, அயனி நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுவதை நம்பாதீர்கள், அதற்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

செம்பைக் கரைக்க ஃபெரிக் குளோரைடு சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் இரும்புத் துகள்களை விட்டுவைக்கும். அம்மோனியம் பெர்சல்பேட் மெதுவானாலும் சுத்தமானது; நான் அதையே சொல்வேன். தகட்டின் பின்பக்கமும் கிராஃபீன் வளர்ந்திருக்கும். அதை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் வாயுவில்) முதலிலேயே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழிந்த துணுக்குகளாக வந்து அடியில் ஒட்டும்.

அப்புறம் அவசரம். ஏந்திய வேஃபரை நேரே சூடான தட்டில் வைத்தால் அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகிப் படலத்தை வெடிக்கவைக்கும். வேஃபரைச் சாய்த்து வைத்துத் தானாக வடியவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லச் சூட்டை ஏற்றி 150 டிகிரிவரை போகலாம். பிளாஸ்டிக் இளகும், சுருக்கங்களும் ஓரளவு படியும்.

மிஞ்சும் கசடுக்கு ஆர்கான்-ஹைட்ரஜன் வாயுவில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். வாயுக்கசிவு எச்சரிக்கைக் கருவி இல்லாத அறையில் ஹைட்ரஜன் சிலிண்டரைத் தொடவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் செம்பு கரைந்த கழிவைச் சிங்க்கில் ஊற்றுகிறார்கள், இதைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். தனி பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். பெர்சல்பேட் கரைசல் ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கேனை இறுக மூடினால் அழுத்தம் ஏறி உடையலாம், எனவே காற்றுப் போகும் மூடி போடுங்கள். அசிட்டோன் கழிவை அதே கேனில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.