காந்தி சிலையருகே இல்லாத பயம் சில்வர் பீச்சில் ஏன்?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு அவருடைய அம்மா கடற்கரைப் பக்கமே போவதில்லை. மீன் வாங்க முதுநகர் வரை பஸ் ஏறுவார். தெருக்கோடியில் இருக்கும் சில்வர் பீச்சுக்கு மட்டும் வரமாட்டார். லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டால் போதும், பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கமாக நடக்கத் தொடங்கிவிடுவார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. சென்ற ஆண்டு புதுச்சேரியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாலைதோறும் கடற்கரை காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்காரப் பழக்கினார்கள். இரண்டே வாரத்தில் அலையைப் பார்த்துக்கொண்டே சுண்டல் சாப்பிட்டாராம். ஊர் திரும்பி சில்வர் பீச் மணலில் கால் வைத்ததும் பழைய நடுக்கம். "அங்கே இல்லாத பயம் இங்கே மட்டும் எப்படி? அம்மா பாசாங்கு செய்கிறாரோ என்கிறான் தம்பி" என்று கடிதம் முடிகிறது.

தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாசாங்கு இல்லை. எலிகளும் இப்படித்தான் செய்கின்றன.

பாவ்லோவின் நாயும் மணியும் பள்ளியிலேயே படித்ததுதான்: மணியோடு சோறு வந்து பழகினால், மணி கேட்டாலே எச்சில் ஊறும். அச்சமும் அப்படித்தான் பழகுகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரை அலை கொண்டுபோனது. அந்தச் சில நிமிடங்களில் இரைச்சலும் உப்பு வாடையும் காலடி ஈரமும் உயிராபத்தோடு சேர்ந்து முடிச்சு விழுந்துவிட்டன. முடிச்சுப் போட்டது, மூளைக்குள் வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா. அது ஆற அமர யோசிக்கிற உறுப்பல்ல. கேட்டது லாரியா அலையா என்று நாம் தெரிந்துகொள்வதற்குள் நெஞ்சைப் படபடக்க வைத்துவிடும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஒலி கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலிக்கு, அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அச்சம் மெல்ல அடங்கும். பழைய நினைவு அழிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் 1970-களின் இறுதியில் சின்னத் தந்திரம் ஒன்று செய்தார். ஒரு கூண்டில் அச்சத்தைக் கற்பித்தார்; வேறொரு கூண்டில் வைத்து அதை அடக்கினார்; பிறகு எலியைப் பழைய கூண்டிலேயே விட்டார். அச்சம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் முதல் பாடம் அழியவே இல்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டாவது பாடம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: "இந்தக் கூண்டில் இந்த ஒலியால் ஆபத்தில்லை." முதல் பாடம் எந்த ஊருக்கும் எளிதில் பரவும், ஜல்லிச் சத்தம் வரை வந்துவிட்டதே! இரண்டாவது பாடம், கற்ற இடத்தை விட்டு நகரத் தயங்கும். வாசகரின் அம்மாவுக்கு அந்த இரண்டாவது கூண்டு புதுச்சேரி.

மூளைக்குள் இது நடக்கும் விதம் இன்னும் அழகு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியிலிருந்து அமிக்டலாவுக்கு நரம்பிழைகள் வருகின்றன. அமிக்டலாவின் அறைகளுக்கு இடையே, வாசல் காவலர்களைப் போல, அடக்கும் நரம்பணுக்கள் சிறு கொத்துகளாக இருக்கின்றன. புறணி உத்தரவிட்டால் அவை காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து, அச்சக் கட்டளை வெளியே போகாமல் மறித்துவிடுகின்றன. அச்சம் உள்ளேயேதான் இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது! இப்போது இருப்பது எந்த இடம் என்று எடுத்துக்கொடுப்பது, இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ். காந்தி சிலை என்றால் "சாத்து". சில்வர் பீச்சுக்கு அப்படியொரு குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை. தூக்கம் கெட்டாலும் கவலை கூடினாலும் புறணியின் பிடி தளரும். அன்று சாத்திய கதவும் திறந்துகொள்ளும்.

எனக்கும் ஒரு கதவு உண்டு. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் எங்கள் வீட்டுத் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இன்றும் எங்கேனும் தகரம் சடசடத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இவ்வளவும் படித்து என்ன பயன்? அமிக்டலா கட்டுரை வாசிப்பதில்லை.

அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை இந்த இரண்டாவது பாடத்தைத்தான் பல இடங்களில், பல வேளைகளில் எழுதிப் பார்க்கிறது. கையைப் பிடித்து இழுத்துப் போவது சிகிச்சை ஆகாது. பாதியில் பதறி ஓடிவந்தால், "ஓடியதால் பிழைத்தேன்" என்று மூளை கணக்கெழுதிக்கொள்ளும். மந்திரித்த கயிற்றின் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து அக்கறையாக வேப்பிலை வீசுவதும் ஆறுதல்தான். ஆனால் கடலைப் பார்த்தும் ஒன்றும் ஆகாத நாளின் பெருமை கயிற்றின் கணக்கில் போய்விட்டால், பாடம் மனத்தில் ஏறாது.

பேரிடர் என்றால் வீட்டுக்கும் படகுக்கும் வலைக்கும் பணம் ஒதுக்குகிறோம், சரிதான். மனநல ஆலோசகரும் ஆய்வாளரும் மீனவக் குப்பங்களில் 20 ஆண்டுகள் தொடர்ந்து இருப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இப்போதைக்கு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரைப் பார்க்கும்போது முதுநகரைப் பற்றியும் சொல்லுங்கள். அம்மா மீன் வாங்கும் அந்தத் துறைமுகத்தில் உப்பனாற்றுத் தண்ணீர் படகுகளைத் தூக்கித் தூக்கி வைக்கும். முகத்துவாரத்துக்கு அப்பால் கடல். காந்தி சிலையை விட நம் ஊருக்கு நெருங்கிய கூண்டு அது. அவர் சரி என்றால், மீன் வாங்கியபின் ஐந்து நிமிடம் கூடுதலாக அங்கே நிற்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு தம்பி கூடப் போகட்டும்.