மாத்திரையில் காது திறந்துவிட்டதா? ஸ்கேனையும் எடுத்துவிடுங்கள்

நோயாளி ஒருவர் பர்ஸிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். என் கையெழுத்துதான். எட்டு மாதத்துக்கு முன் வலது காது திடீரென்று அடைத்தபோது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையோடு 'எம்.ஆர்.ஐ., காண்ட்ராஸ்டுடன்' (படம் தெளிவாகத் தெரிய ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன்) என்று எழுதிக் கொடுத்தது. எடுக்கவே இல்லை. "மாத்திரை போட்டதும் காது திறந்துடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு அவ்வளவு செலவுன்னு விட்டுட்டேன்." இப்போது அதே வலது காது மறுபடி அடைத்திருக்கிறது. இந்த முறை ஸ்கேனில் 2 சென்டிமீட்டர் கட்டி. இந்த வருடம் இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் இவர்.

புற்றுநோய் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெஸ்டிபுலர் ஷ்வனோமா. அக்கூஸ்டிக் நியூரோமா என்பது பழைய பெயர், தப்பான பெயரும்கூட. பெரும்பாலும் அது கிளம்புவது கேட்கும் நரம்பில் இல்லை, ஒட்டியே ஓடும் சமநிலை நரம்பின் உறையில். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தக் கணக்குதான்: "ஸ்டீராய்டுக்குக் கேட்டுச்சு, அப்போ வெறும் வீக்கம்தான், கட்டி கிடையாது." ஐயா, கட்டிக்குள்ளேயே அழற்சி இருக்கிறது! அதில் கட்டியின் செல்கள் மட்டும் இல்லை. மேக்ரோபேஜ் என்கிற நோய் எதிர்ப்பு செல்கள் கும்பலாக வந்து உட்கார்ந்திருக்கும். வளர்கிற கட்டியில் அந்தக் கும்பல் இன்னும் பெரிது. இவை டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் என்று ஏதேதோ சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன; புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும் வி.இ.ஜி.எஃப்-பும் கட்டியில் சுரக்கிறது. கட்டியிலிருந்து கசியும் பொருள்கள் உள்காதின் செல்களைக் கெடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பட்டாணி அளவுக் கட்டி காதைச் செவிடாக்குவதும், 3 சென்டிமீட்டர் கட்டியோடு ஒருவர் நன்றாகக் கேட்பதும் அதனால் இருக்கலாம். நரம்பை நசுக்குவது மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி நடக்காது. ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கிறது, காது கொஞ்ச நாள் திறக்கிறது. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. புகையை விசிறிவிட்டால் அடுப்பு அணைந்துவிடுமா?

அதற்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மருந்தும் வேண்டும், ஸ்கேனும் வேண்டும்.

"அழற்சின்னா ஆஸ்பிரின் போடலாமா, மஞ்சள் சாப்பிடலாமா?" இதையும் கேட்கிறார்கள். ஆஸ்பிரின் கட்டியின் வளர்ச்சியைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நீங்களாகப் போட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி இரண்டு காதிலும் கட்டி வரும் என்.எஃப்.2 என்ற மரபணுக் கோளாறுக்காரர்கள் சிலருக்குப் பயன்படுகிறது. அது வேறு விஷயம்.

ஒரு காதில் மட்டும் இரைச்சலா? போனை உங்களை அறியாமலே இடது காதுக்கு மாற்றிவிட்டீர்களா? சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லையா? கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோமெட்ரி அறையில் ஒருவரிடம் 'மரம்' என்றால் 'பழம்' என்கிறார், 'கல்' என்றால் 'பல்' என்கிறார். சத்தத்தைக் கேட்கும் அளவோ பெரிதாகக் குறையவில்லை. அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வயதாகிவிட்டது என்று விடாதீர்கள், வயதானால் பொதுவாக இரண்டு காதும் சேர்ந்துதான் மங்கும்.

எம்.ஆர்.ஐ.க்குப் பதில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வராதீர்கள், சின்னக் கட்டி அதில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அங்கே முதலிலேயே சொல்லுங்கள். கட்டி தெரிந்தாலும் உடனே கத்தி என்று இல்லை. பல கட்டிகள் வளராமலே கிடக்கும். அவற்றை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்த முதல் ஸ்கேனின் படங்கள் உள்ள தகட்டை மட்டும் தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதுதான் வேண்டும்.