‘நோ சிக்னல்’ எங்கே தொடங்குகிறது?

செமினார் ஹாலில் லேப்டாப்பை மேசையில் வைத்து, சுவரிலிருந்து வரும் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் படம் வராமல் திரை நீலமாக ‘நோ சிக்னல்’ என்று நின்றுவிட்டால், அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்வார்கள். கழற்றி மாட்டு, ரீஸ்டார்ட் பண்ணு, டிரைவரை மறுபடி இன்ஸ்டால் பண்ணு, வேறு லேப்டாப் கொண்டு வா. இதில் ஏதோ ஒன்று பலிக்கும். ஏன் பலித்தது என்று யாருக்கும் தெரியாததால் அடுத்த வாரம் இன்னொரு மாணவர் அதே இடத்தில் நின்று முதலிலிருந்து ஆரம்பிப்பார், அவருக்குக் கிடைத்த பதினைந்து நிமிடத்தில் பாதி அதிலேயே போய்விடும். படம் கிளம்புவதற்கு முன் இரண்டு கருவிகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எங்கே அறுந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பார்த்தே சொல்லிவிடலாம்.

லேப்டாப் படத்தை அனுப்புகிறது, புரொஜெக்டர் வாங்கிக் காட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அளவெடுக்காமல் துணியை வெட்டாத தையல்காரர் மாதிரி, எதிரே இருப்பது எது, அதற்கு எவ்வளவு பெரிய படம் தாங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் லேப்டாப் வேலையைத் தொடங்கும்.

ஹெச்டிஎம்ஐ முனையில் 19 பின்கள். 18-வது பின்னில் லேப்டாப் 5 வோல்ட் அனுப்புகிறது. அந்தப் பக்கம் புரொஜெக்டர் இருந்தால் 19-வது பின் வழியாக ஒரு மின்னழுத்தம் திரும்பி வரும். ஹாட் பிளக் டிடெக்ட் என்று அதற்குப் பெயர். அது வந்த பிறகு 15, 16-வது பின்கள் வழியாக லேப்டாப் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன நினைவகத்தைப் படிக்கிறது. அதில் இருக்கும் குறிப்புதான் இடிஐடி. வீசா (VESA) என்ற தர அமைப்பு 1994-இல் வகுத்தது. அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். முதல் பைட் சுழியம், அடுத்த ஆறும் 255, எட்டாவது மறுபடி சுழியம். இந்த வரிசையைப் பார்த்ததும் ‘இது இடிஐடிதான்’ என்று லேப்டாப் தெரிந்துகொள்ளும். அப்புறம் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, மாடல் எண், எந்தெந்த ரெசல்யூஷன் காட்ட முடியும் என்ற பட்டியல். கடைசி பைட் சரிபார்ப்புக்கு: 128 பைட்டின் மதிப்புகளையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள்.

இந்த நினைவகத்துக்குத் தேவையான மின்சாரத்தையும் பல கருவிகளில் லேப்டாப் அனுப்பும் அந்த 5 வோல்ட்டே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் சில புரொஜெக்டர்கள் ஆன் ஆகாமலே லேப்டாப்பின் டிஸ்பிளே செட்டிங்ஸில் பெயர் காட்டும்.

சரி, இதை வைத்து என்ன செய்வது? கேபிளைச் செருகும்போது புரொஜெக்டர் திரையைப் பார்க்காமல் லேப்டாப் திரையைப் பாருங்கள். ஒரு கணம் அணைந்து எரிந்தாலோ, ஐகான்கள் இடம் மாறினாலோ, லேப்டாப் எதிராளியைப் பார்த்துவிட்டது. உறுதி செய்ய டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து இரண்டாவது திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்த ஒரு சோதனை பிரச்சினையை இரண்டாகப் பிரித்துவிடும். என்னைக் கேட்டால், இதைச் செய்யாமல் டிரைவர் பக்கமே போகக்கூடாது.

இரண்டாவது திரை தெரியவில்லை என்றால் பேச்சே தொடங்கவில்லை. முதலில் புரொஜெக்டர் ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, கேபிள் செருகியிருக்கும் அதே ஹெச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்காத இன்புட்டில் 19-வது பின்னின் மின்னழுத்தத்தை எழுப்பாமலே வைத்திருக்கும் கருவிகளும் உண்டு. பிறகு கேபிளை முழுதாக வெளியே எடுத்து, ஓரிரு நொடி விட்டுச் செருகுங்கள். கழற்றி மாட்டுவது பலிப்பதன் காரணம் இதுதான்: 19-வது பின்னில் மின்னழுத்தம் இறங்கி ஏறினால் லேப்டாப் இடிஐடியை மறுபடி முதலிலிருந்து படிக்கும். விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தான பி-யை அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், முழு ரீஸ்டார்ட் தேவைப்படாது.

டைப்-சி வழியாக இணைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். துளை ஒரே வடிவம் என்பதால் எல்லா டைப்-சி போர்ட்டிலும் படம் வரும் என்று இல்லை. அதே துளையில் படத்தையும் அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதியோ தண்டர்போல்ட்டோ அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டும். சார்ஜருடன் வரும் பல டைப்-சி கேபிள்களில் படத்துக்கான வேகக் கம்பிகளே கிடையாது.

இப்போது மறுபக்கம். லேப்டாப்பில் புரொஜெக்டரின் பெயர் அழகாகத் தெரிகிறது, படம் மட்டும் இல்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது, வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன. கூரைக்கு மேலே 10, 15 மீட்டர் கேபிள் ஓடும் ஹால்களில் இது நிறைய நடக்கும். இடிஐடி படிக்கும் கம்பியில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் துடிப்புதான், அது மட்டமான கேபிளிலும் போய்ச் சேர்ந்துவிடும். படம் அப்படியில்லை. 1920-க்கு 1080 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப, வரிகளுக்கு நடுவே விடும் காலி இடைவெளியையும் சேர்த்து நொடிக்கு 14.85 கோடி பிக்சல் ஓட வேண்டும். ஒவ்வொரு பிக்சலும் மூன்று ஜோடிக் கம்பிகளில் பத்துப் பத்து பிட்டாகப் போவதால் மொத்தம் நொடிக்கு 445 கோடி பிட்டுக்கு மேல். இந்த வேகத்தில் செம்புக் கம்பி நீளம் கூடக் கூட சிக்னலை விழுங்கும்.

இதற்குக் கைவசம் ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1280-க்கு 720 ஆக்குங்கள், வேகம் சரிபாதியாகிவிடும். ரெசல்யூஷனை விட்டுவிட்டு ரெஃப்ரெஷ் ரேட்டை 60-லிருந்து 30-க்கு இறக்கினாலும் அதே பாதிதான். ஸ்லைடு காட்ட 30 தாராளம். குறைத்ததும் படம் அறுபடாமல் நிலையாக வந்தால் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை, கேபிள்தான் பலவீனம். சந்தேகம் இருந்தால் ஒன்றரை மீட்டர் கேபிளால் புரொஜெக்டருக்கு நேராகச் செருகிப் பாருங்கள்.

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்தால் அது வேறு விஷயம். சிக்னல் வந்து சேர்ந்துவிட்டது, அளவுதான் பொருந்தவில்லை. ஹெச்டிஎம்ஐக்கு முந்தைய விஜிஏ கேபிளில் இது அதிகம். ஐபிஎம் 1987-இல் விஜிஏவைக் கொண்டு வந்தபோது இடிஐடியே கிடையாது. பின்னால் அதன் 15 பின்களில் 12-ஐயும் 15-ஐயும் இதற்கு ஒதுக்கினார்கள். அந்த இரண்டு கம்பியும் இல்லாத, அல்லது பின் வளைந்துபோன கேபிள் என்றால் லேப்டாப் அளவு தெரியாமல் ஊகித்து அனுப்பும். கையால் 1024-க்கு 768 வைத்துப் பாருங்கள்.

வால்பேப்பர் மட்டும் தெரிந்து ஸ்லைடு தெரியவில்லையா? அது பழுதே இல்லை, புரொஜெக்டரைத் தனித் திரையாக நீட்டிக்கும் எக்ஸ்டெண்ட் முறையில் இருக்கிறது. விண்டோஸ் கீயுடன் ஆங்கிலத்தின் ‘பீ’ எழுத்தை, அதாவது புரொஜெக்டரின் முதல் எழுத்தை அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் டூப்ளிகேட் கொடுத்தால் போதும். ஸ்லைடு எல்லாம் நன்றாகத் தெரிந்து, ஸ்ட்ரீமிங் தளத்தின் படம் மட்டும் கறுப்பாக இருந்தால் காரணம், படத்தை நகலெடுக்க விடாத ஹெச்டிசிபி என்ற காப்புப் பூட்டு. லேப்டாப், நடுவில் சிக்னலைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் அது, புரொஜெக்டர் எல்லாம் சாவி பரிமாறிக்கொள்ள வேண்டும், பழைய ஸ்பிளிட்டருக்குப் புதிய பூட்டு தெரியாது. ஸ்பிளிட்டரைத் தாண்டி நேராக இணைத்தால் தெரிந்துவிடும்.

கூரைக் கேபிளை மாற்றத்தான் வேண்டும் என்றால் நீண்ட தூரத்துக்கு ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ நல்லது, உள்ளே வேகக் கம்பிக்குப் பதில் ஒளியிழை. ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறு முனையில் டிஸ்பிளே என்று அச்சடித்திருக்கும், மாற்றிச் செருகினால் ஒன்றுமே வராது. எலெக்ட்ரீஷியன் அதைக் குழாய்க்குள் இழுப்பதற்கு முன்பே, தரையில் வைத்து இரண்டு முனையையும் செருகிப் படம் பார்த்துவிடச் சொல்லுங்கள்.