தேக்கங்காட்டில் இந்த வருடம் எவ்வளவு வெட்டலாம்?

மட்டக்களப்பில் ஒரு தளபாடக் கடைக்குள் போய் முதிரைக் கதவுக்கு விலை கேட்டால் தலை சுற்றும். தேக்கும் லேசுப்பட்டதில்லை. "காட்டில இவ்வளவு மரம் நிக்குது, கொஞ்சத்தை வெட்டி வித்தா என்ன?" என்று கடைக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

உன்னிச்சைக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அரச காட்டின் வெட்டு அளவும் அந்த மாதிரியான முடிவுதான். ஆனால் குளம் ஒரு நல்ல மாரியில் நிரம்பிவிடும். தேக்கங்காடு நிரம்ப ஒரு தலைமுறை வேண்டும். அதனால் இங்கே இருப்பைவிட, வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்பதே பெரிய கேள்வி.

எல்லா மரத்தையும் அளக்க முடியாது. காட்டில் ஆங்காங்கே சிறு துண்டுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்குள் நிற்கும் மரங்களை மட்டும் அளக்கிறார்கள். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த உயரத்தை எடுக்க வேண்டும். நாடா கொஞ்சம் சாய்ந்தாலும் சுற்றளவு கூடிக் காட்டும். கன அளவு சுற்றளவின் வர்க்கத்தோடு ஏறுவதால், நாடாவில் 2 சதவீதம் பிழைத்தால் மரத்தின் கணக்கில் ஏறத்தாழ 4 சதவீதம் பிழைக்கும். அளந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, சில வருடம் கழித்து அதே கோட்டில் திரும்பவும் அளப்பார்கள். இடையில் கூடியதுதான் வளர்ச்சி. வெட்டிய தேக்கின் குறுக்குமுகத்தில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும், எண்ணிப் பார்த்துவிடலாம். வெப்பமண்டலக் காட்டு மரங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

அப்புறம் கழித்தல். ஆற்றோரம், குளங்களின் நீரேந்து பகுதி, யானை நடமாடும் வழி, சரணாலயம் என்று வெட்டக் கூடாத நிலங்களை வரைபடத்திலிருந்து முதலிலேயே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான சண்டை சூத்திரத்தைப் பற்றியதாக இருக்காது, எதைக் கழிப்பது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

சூத்திரம் உண்மையில் எளிது. தேக்கை நட்டு 40 வருடத்தில் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வயதுக் கன்று முதல் 40 வயது மரம் வரை எல்லா வயதிலும் சம பரப்பு நிற்கும் தோட்டத்தில், மொத்த இருப்பை இரண்டால் பெருக்கி 40ஆல் வகுத்தால் வருட வெட்டு வரும். இருப்பு 40,000 கன மீற்றர் என்றால் வருடத்துக்கு 2,000. ஏன் இரண்டால்? தோட்டத்தில் பாதி மரங்கள் இளசு, சராசரி இருப்பு முற்றிய துண்டில் நிற்பதில் பாதியளவுதான்.

இயற்கைக் காட்டில் இந்தக் கணக்கு செல்லாது. 1856இல் பர்மாவின் பெகு தேக்கங்காடுகளுக்குப் பொறுப்பாக வந்த ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ், மரங்களைச் சுற்றளவு வாரியாக வகுப்புப் பிரித்தார். 6 அடிக்கு மேல் சுற்றளவுள்ளது முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பிலிருந்து வருடத்துக்கு எத்தனை மரம் முதல் வகுப்புக்கு ஏறுகிறதோ, அத்தனையை மட்டும் வெட்டலாம் என்றார். எனக்கு இன்றும் இதுவே எல்லா முறைகளிலும் நேர்மையானதாகப் படுகிறது.

காகிதத்தில் வந்த எண் காட்டில் அப்படியே நிற்பதில்லை. ஒரே காலத்தில் நட்ட தோட்டம் ஒரே காலத்தில் முற்றும். அதை வருடங்களுக்குப் பரப்ப, சில துண்டுகளை முந்தியும் சிலவற்றைப் பிந்தியும் வெட்ட வேண்டிவரும். கச்சான் காற்றுக் காலத்தில் தேக்கஞ்சருகில் பிடிக்கும் தீ இருக்கிறது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளி போன்றது வந்தால், பல வருட வெட்டை ஒரே இரவில் காற்று செய்துவிடும். களவாக வெட்டுவதும் வெட்டுத்தான், கணக்கில் கழிக்கத்தான் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தலைமை வன அதிகாரி குறைந்தது பத்து வருடத்துக்கு ஒருமுறை இந்த எண்ணை மீண்டும் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சரி, முதிரை? பாலை, வீரை போல அதுவும் வறண்ட காட்டில் மிக மெதுவாகப் பருக்கும் மரம். இலங்கை 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. பூச்சியமும் ஒரு வெட்டு அளவுதான். ஆனால் ஆசாரிக்கு மரம் வேண்டுமே. அந்தத் தேவையில் பெரும் பங்கு வீட்டு வளவுகளின் மேல் விழுகிறது. அங்கே பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதி மரம் மரமாகப் பார்த்துக் கொடுக்கப்படுவது. ஊர் வளவுகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு எவ்வளவு வளர்கின்றன என்ற கணக்கு அதற்குள் வராது.