மறைநிலை அன்று, தனியமர்வு

"சார், ஆபீஸ் வைஃபையில பார்த்தாலும் தெரியாதா?"

"தெரியாதும்மா. அதான் பேர்லயே மறைநிலைன்னு இருக்கே."

சென்ற மாதம் ஒரு கணினிப் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தபோது காதில் விழுந்த உரையாடல் இது. பேச்சு, பார்த்த பக்கங்களின் தடம் கணினியில் தங்காதிருக்க இணைய உலாவிகள் தரும் தனிச் சாளரத்தைப் பற்றியது. ஆங்கிலத்தில் 'இன்காக்னிட்டோ' எனப்படும் அதைத் தமிழில் 'மறைநிலை' என்கிறார்கள். கேள்வி கேட்ட பெண் நிம்மதியுடன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆசிரியர் சொன்னது பிழை. ஆனால் அந்தப் பிழையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சொல்தான். இதே விளக்கத்தை வெவ்வேறு இடங்களில் பலமுறை கேட்டுவிட்டேன்.

சஃபாரி உலாவி 2005-இல் 'பிரைவேட் பிரௌசிங்' என்ற பெயரில் இந்த வசதியைத் தந்தது. 2008-இல் வந்த குரோம் அதற்கு 'இன்காக்னிட்டோ' என்று பெயரிட்டது. 'அறியப்படாத' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்த சொல் அது. நம் பாரதக் கதையின் அஞ்ஞாத வாசத்தில் உள்ள 'அஞ்ஞாத' என்பதும் அதுவும் ஒரே வேரின் கிளைகள். 1697-இல் ருசிய மன்னர் பீட்டர் வேறு பெயரில் மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்ற பயணத்தை இச்சொல்லால்தான் குறிப்பார்கள்.

இனி 'மறைநிலை'க்கு வருவோம். விராட நகரில் பாண்டவர் ஐவரையும் ஊரார் நாள்தோறும் கண்டார்கள். சமையற்காரராக, குதிரை பேணுபவராக, ஆடல் கற்பிப்பவராகக் கண்டார்கள். இன்னார் என்று மட்டும் அறியவில்லை. கண்ணில் பட்டும் அடையாளம் தெரியாதிருப்பதே இன்காக்னிட்டோவின் பொருள். மறைதலோ கண்ணிலேயே படாதிருத்தல். கதிரவன் மறைந்தது என்றால் கதிரவனைக் காணவில்லை என்றுதான் பொருள். ஆகவே, மூலச் சொல்லுக்கான மொழிபெயர்ப்பு என்ற அளவிலேயே 'மறைநிலை' பொருந்தவில்லை.

அந்த வசதி செய்யும் வேலைக்கோ இது இன்னும் பொருந்தவில்லை. அத்தகைய சாளரத்தைத் திறக்கும்போது உலாவி, வழக்கமான குக்கீகளிலிருந்து (தளங்கள் நம்மை நினைவில் கொள்ள உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) பிரித்து, வெறுமையான புதிய இடம் ஒன்றை ஒதுக்குகிறது. அங்கே சேரும் குக்கீகள், பார்த்த பக்கங்களின் வரலாறு, படிவங்களில் தட்டச்சிட்டவை ஆகியவற்றைச் சாளரங்களை மூடியதும் அழித்துவிடுகிறது. பதிவிறக்கிய கோப்புகள் கணினியிலேயே தங்கிவிடும். இணையச் சேவை தரும் நிறுவனம், அலுவலக வலையமைப்பை மேற்பார்ப்பவர், நாம் செல்லும் தளம் ஆகிய மூவருக்கும் நம் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண், முன்போலவே தெரியும். அதே கணினியில் அடுத்து வந்து அமர்பவருக்கு நம் தடம் தெரியாது என்பது மட்டுமே இதன் உறுதிமொழி. அந்தச் சிறிய உறுதிமொழியை 'மறைநிலை' என்ற சொல் ஊதிப் பெரிதாக்கிவிடுகிறது.

பெயர் தரும் இந்த மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பயனர்கள் தனிமறைவு என்று நம்பிய உலாவலிலும் தரவு திரட்டப்பட்டது என்று 2020-இல் கலிபோர்னியாவில் கூகுள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆங்கிலச் சொல்லே இவ்வளவு குழப்பியிருக்கும்போது, அதைவிட வலுவான வாக்குறுதி தரும் சொல்லை நாம் தமிழில் வைத்திருப்பது வருத்தத்திற்குரியது.

'மறைநிலை' தூய தமிழாயிற்றே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நானும் தூய தமிழை விரும்புகிறவன்தான். எனினும் பொருள் பிறழ்ந்த தூய சொல்லைவிட 'இன்காக்னிட்டோ' என்று அப்படியே எழுதுவது மேல். அது தெரியாத சொல்லாக நின்று, விளக்கம் கேட்கவாவது தூண்டும். தெரிந்த சொல்லோ கேள்வியையே எழவிடாமல் தவறான விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. 'கமுக்க உலாவல்' என்பதற்கும் இதே குறைதான். கமுக்கம் என்றால் இரகசியம். 'தனியார் உலாவல்' என்று ஒரு செயலியில் கண்டபோது மனம் நொந்தது. தனியார் பேருந்து, தனியார் பள்ளி என்ற வரிசையில் உலாவலையும் நிறுத்திய அந்த மொழிபெயர்ப்பாளர், சொற்பட்டியலை மட்டும் பார்த்தாரே தவிர, அந்தச் சாளரத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்க மாட்டார். இடைமுகத்தைப் பயன்படுத்தாமலே அதன் சொற்களைப் பெயர்க்கும் இந்தப் பழக்கம் ஒழியாதவரை கலைச்சொல் அகராதிகள் எத்தனை வந்தாலும் பயனில்லை.

நான் முன்வைப்பது 'தனியமர்வு'. ஒருமுறை உலாவத் தொடங்கி முடிப்பதைக் கணினித் துறையில் செஷன் என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் உட்காருதல். அமர்வு என்பதும் அதுவே. சட்டப்பேரவை அமர்வு என்று நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதுவதால் படிப்பவருக்குப் பழகிய சொல். 'தனி' என்பது மற்ற உலாவலிலிருந்து பிரிக்கப்பட்டதைக் காட்டுகிறது. தடம் அழிவதை இச்சொல் காட்டவில்லையே என்று கேட்கலாம். அமர்வு என்றாலே கூடிக் கலைவது. நிலைத்திருப்பதை யாரும் அமர்வு என்பதில்லை.

'தனியமர்வுச் சாளரம்', 'தனியமர்வில் திற' என்றெல்லாம் இயல்பாகப் புழங்கலாம். குரோமில் இத்தகைய சாளரங்கள் இரண்டைத் திறந்தால் இரண்டும் ஒரே அமர்வைச் சேர்ந்தவை. ஒன்றில் மின்னஞ்சலுக்குள் நுழைந்தால் மற்றதிலும் அது திறந்தே இருக்கும், ஒன்றை மட்டும் மூடினால் எதுவும் அழியாது. பொதுக் கணினியை விட்டு எழுவோருக்கு அங்கே 'சாளரத்தை மூடு' என்று சொல்வது போதாது. 'தனியமர்வை முடி' என்றே எழுத வேண்டும்.