ஆபீசுக்கும் மண் பாதைக்கும் ஒரே சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது ஃபிரேமின் நிறம். அப்புறம் முன்னால் இருக்கும் தடித்த ஷாக். அப்புறம் '21 ஸ்பீடு' என்ற ஸ்டிக்கர். ஆனால் சைக்கிள் எப்படி ஓடும் என்பதில் இந்த மூன்றுக்கும் பங்கு குறைவு. டயரின் அகலமும் அதிலுள்ள காற்றும், பல்சக்கரங்களில் எத்தனை பல் என்பதும், ஃபிரேம் நம் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதும்தான் முக்கால்வாசி விஷயம். வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை மண் பாதைக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்பவர், ஓடும் சைக்கிளை எது தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். வடவள்ளியில் வீடு, காந்திபுரத்தில் வேலை. ஒரு வழி ஏறத்தாழ பத்து கிலோமீட்டர், எல்லாம் தார்ச்சாலை. விடுமுறை நாளில் குளக்கரை, வாய்க்கால் ஓரம், மருதமலைப் பக்கத்துச் செம்மண் தடம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 13 கிலோ, பை 2 கிலோ என்று வைத்தால் மொத்தம் 85 கிலோ.

சமதளத்தில் இந்த 85 கிலோவைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று காற்று, மற்றொன்று டயர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது காற்றைத் தள்ளச் சுமார் 26 வாட் போகும். வேகத்தை இரண்டு மடங்காக்கி 30 ஆக்கினால் அது 208 வாட் ஆகிறது, அதாவது எட்டு மடங்கு. காற்றின் எதிர்விசை வேகத்தின் இருபடியில் ஏறுகிறது; அந்த விசையை இரண்டு மடங்கு வேகமாகத் தள்ள வேண்டியிருப்பதால் இன்னொரு இரண்டு மடங்கு சேர்கிறது. பழக்கமில்லாத ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 100 வாட் அளவுதான். எந்தச் சைக்கிள் வாங்கினாலும் முதல் சில மாதங்களில் வேகம் 20ஐ ஒட்டியே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கோவைக்காரருக்கு இதில் கூடுதலாக ஒரு பாடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அடித்து வரும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மாலையில் மேற்கு நோக்கி வீடு திரும்பும்போது எதிர்க்காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நாம் 15இல் போனாலும் உடம்பு உணர்வது 30 கிலோமீட்டர் காற்றை. அதற்கு மட்டும் நூறு வாட்டுக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது, கொஞ்சம் முன்னால் குனிய இடம் தரும் ஹேண்டில்பாரும் இறக்கிக்கொள்ள ஒரு கியரும். மூன்று கிலோ எடை குறைந்த சைக்கிளுக்காக இருமடங்கு காசு கொடுப்பதால் எதிர்க்காற்றில் ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில்கூட 85 கிலோவில் மூன்று கிலோ என்பது நான்கு சதவீதத்துக்கும் கீழே.

இனி டயர். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகி, தாண்டியதும் மறுபடி வளைகிறது. ரப்பரை அமுக்கச் செலவான ஆற்றல் முழுதாகத் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. உருளும்போது ஏற்படும் தடை பெரும்பாலும் இந்த இழப்புதான். பின் சக்கரத்தில் 50 கிலோ பாரம், டயரில் 40 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) காற்று என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். காற்றை 80 ஆக்கினால் அது ஏறக்குறைய 9. கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை. ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரும் அகல டயரும் ஏறத்தாழ ஒரே பரப்பில்தான் தரையைத் தொடுகின்றன. ஒல்லி டயரின் தடம் நீளமாக இருக்கும், அகல டயரின் தடம் குட்டையாக இருக்கும். தடம் நீளமானால் டயரின் பக்கச் சுவர் அதிகம் வளைய வேண்டும், இழப்பும் கூடும். அதனால் 'அகல டயர் என்றாலே இழுக்கும்' என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

மீதிப் பாதி காற்றழுத்தத்தில் இருக்கிறது. கண்ணாடி போன்ற தரையில் அழுத்தம் கூடக்கூட டயர் லேசாக ஓடும். நம் சாலைகள் அப்படி இல்லை. ஒட்டுப்போட்ட தாரிலும் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்திலும் கல்லாய் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. தூக்குவதற்கான ஆற்றல் நம் காலிலிருந்து போகிறது. அது குலுங்கும் தசையில் வீணாகிறது. கொஞ்சம் இளகிய டயர் மேட்டை விழுங்கிக்கொண்டு உருளும், ஆளைத் தூக்காது. ஒல்லி டயரில் காற்றைக் குறைத்தால் ரிம் தரையில் இடித்து, டியூப் இரண்டு இடத்தில் கிழிந்து பஞ்சராகும். அகல டயரில் அந்தப் பயம் குறைவு. குறைந்த காற்றில் ஓட்ட அனுமதிப்பதுதான் அகல டயரின் உண்மையான லாபம்.

அப்படியென்றால் எவ்வளவு அகலம்? என் கணக்கில், இரண்டு வேலைக்கும் ஒரே சைக்கிள் என்பவருக்கு 38 முதல் 50 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் டயரும் 70 கிலோ ஆளும் என்றால் தார்ச்சாலைக்குப் பின்னால் 45 பிஎஸ்ஐ, முன்னால் அதைவிட நான்கைந்து குறைவாக வைத்துத் தொடங்கலாம். மண் பாதைக்கு 35 பக்கம் இறக்கலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழேயே இருங்கள். அது தாண்டக்கூடாத வரம்பு. கடையில் பலர் அதுவரை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த 40 மில்லிமீட்டர் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பில்லை. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த பழைய கறுப்பு சைக்கிள் நினைவிருக்கிறதா? அதன் டயரில் '28 x 1½' என்று இருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். நெல் மூட்டையோடு வரப்போரத்து வண்டித்தடத்தில் அது ஓடியதற்கு அந்த அகலமும் ஒரு காரணம். இன்று 'கிராவல்' (சரளைப் பாதை) என்ற பெயரில் விலை உயர்ந்த சைக்கிள்கள் பெருமையாகச் சொல்லும் அகலமும் அதுவே. பழைய வண்டியில் இல்லாதவை கியரும் நல்ல பிரேக்கும்.

டயரின் பட்டன்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ரப்பர் முடிச்சுகள் சேற்றிலும் உதிரி மண்ணிலும் பிடிக்கும்; தாரில் ஒவ்வொரு முடிச்சும் வளைந்து நிமிர்ந்து ஆற்றலைத் தின்னும், உறுமும். மழையில் நனைந்த தாருக்குப் பள்ளம் வெட்டிய டயர் வேண்டும் என்பது காருக்குப் பொருந்தும். சைக்கிள் டயர் குறுகலாகவும் உருண்டும் இருப்பதால் தண்ணீரைத் தானே விலக்கிவிடும். ஆகவே நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு முடிச்சுகளும் கொண்ட டயர் நம் ஆளுக்குச் சரி. முள் தனிப் பிரச்சினை. சீமைக் கருவேலம் வளர்ந்த குளக்கரையும் நெருஞ்சி படர்ந்த தடமும் எந்த டயரையும் விடாது. பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயர் வாங்கலாம். டியூப்லெஸ் டயருக்குள் ரப்பர்பால் திரவம் ஊற்றினால் சின்னத் துளைகள் தாமாக அடைபடும். நம் வெயிலில் அது சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும்.

டயரே ஒரு காற்று ஸ்பிரிங் என்று புரிந்துவிட்டால், ஷாக்கைப் பற்றிய முடிவும் சுலபமாகிறது. நல்ல ஷாக்கில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. உள்ளே சிறு துளை வழியே எண்ணெய் நெருக்கித் தள்ளப்பட்டு அந்த ஆற்றலை வெப்பமாக்குகிறது. எண்ணெய் வேலை இல்லாமல் வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால், வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தள்ளும். முன்சக்கரம் துள்ளும், மண்ணில் பிடி போகும். விலை குறைந்த சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதன் எடையே இரண்டு கிலோவுக்கு மேல். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் நம் உழைப்பில் ஒரு பங்கு அதை அமுக்குவதிலேயே போய்விடும். குறைந்த பட்ஜெட்டில் பின் ஷாக்கும் சேர்ந்து வருகிறது என்றால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். கல்லும் வேரும் நிறைந்த செங்குத்தான இறக்கங்களில் இறங்குவதுதான் ஆசை என்றால் கதை வேறு. அதற்குக் காசு சேர்த்து, எண்ணெய்த் தணிப்பு உள்ள நல்ல ஷாக்கோடு வாங்க வேண்டும்.

கியருக்கு வருவோம். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், பல்லை எண்ணுங்கள். முன்னால் 42, 34, 24 பல், பின்னால் 14 முதல் 28 பல் என்பது 21 ஸ்பீடு சைக்கிள்களில் சாதாரணமாகக் காணும் அமைப்பு. கடினமான கியர் 42ஐ 14ஆல் வகுத்தால் 3. லேசான கியர் 24ஐ 28ஆல் வகுத்தால் 0.86. இரண்டுக்கும் இடையே மூன்றரை மடங்கு வீச்சு. இந்த 21இல் பல ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். சில செயினைக் கோணலாக இழுப்பதால் பயன்படுத்தவே கூடாது. முன்னால் ஒரே ஒரு 32 பல் சக்கரம், பின்னால் 11 முதல் 42 வரை பத்து சக்கரங்கள் என்ற அமைப்பில் வீச்சு 3.8 மடங்கு. கியர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே, பயன் அதிகம். மாற்றுவதும் ஒரே கையில்.

வீச்சைவிட முக்கியம், மிக லேசான கியர் 1க்குக் கீழே இருக்கிறதா என்பது. விகிதம் 1 என்றால் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, சுமார் 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர். 6 சதவீத ஏற்றத்தில் நம் 85 கிலோவை அந்த வேகத்தில் இழுக்கவே 110 வாட் வேண்டும், டயர் தடை தனி. அதற்கு மேல் சரிவு கூடினால், கால் சுற்றும் வேகம் குறையாமல் சைக்கிளின் வேகத்தை மட்டும் குறைக்க இன்னும் லேசான கியர் தேவை. அது இல்லாவிட்டால் பாரம் முழுக்க முழங்காலில் விழும்.

பின்சக்கரத்தில் கவனிக்க இன்னொன்று உண்டு, கடைக்காரர் கேட்டால்தான் சொல்வார். பழைய பாணி ஃப்ரீவீலில் பல்சக்கரக் கட்டு மொத்தமும் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடு உருளையின், வெளியே திருகப்பட்டிருக்கும். அச்சைத் தாங்கும் பேரிங் அதற்கு உள்பக்கம் இருக்கும். அச்சின் நீண்ட பகுதி ஆதாரமில்லாமல் தொங்குவதால் மண் பாதைக் குலுக்கலில் வளையும், சில சமயம் முறியும். பல்சக்கரங்களை ஹப்பின் மேலேயே செருகும் கேசட் வகையில் பேரிங் ஓரம் வரை தள்ளி வைக்கப்பட்டிருக்கும். குண்டும் குழியுமான பாதையில் தவறாமல் ஓட்டப் போகிறவர் கேசட் உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பிரேக்கின் வேலை வெப்பம் உண்டாக்குவது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976இல் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கிப் போட்டி வைத்தார்கள். பாதை சுமார் 400 மீட்டர் உயரம் இறங்கும். மவுண்டன் பைக் பிறந்த கதையில் அந்தப் போட்டிக்கு முக்கிய இடம் உண்டு. பின் ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, அதிலிருந்த கிரீஸ் புகைந்து வெளியேறிவிடும். அடுத்த ஓட்டத்துக்குள் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். போட்டிக்கு 'ரீபேக்' (மறுபடி அடைப்பது) என்று பெயர் வந்தது அதனால்தான். நம் 85 கிலோ 400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 330 கிலோஜூலுக்கு மேல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றுத் தடையில் போனது போக மிச்சத்தைப் பிரேக்தான் தாங்க வேண்டும். டிஸ்க் பிரேக் அதைச் சக்கரத்தின் நடுவில், சேறும் தண்ணீரும் குறைவாக வரும் இடத்தில் செய்கிறது. ரிம் பிரேக் மழையில் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். கேபிளால் இயங்கும் டிஸ்க் போதும், சரிசெய்வதும் எளிது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் விரல் நோகாது, ஆனால் எண்ணெய் மாற்றத் தெரிந்த மெக்கானிக் ஊரில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஃபிரேம் பொருந்தாவிட்டால் இரண்டு மாதத்தில் சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் போய்விடும். ஃபிரேமின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல்கட்டை இடைவெளியாவது வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு வரும், 25 முதல் 35 டிகிரி. நம்மூரில் பெரும்பாலோர் இரண்டு காலும் தரையில் எட்டும்படி சீட்டை இறக்கி ஓட்டுகிறார்கள்; அப்படி ஓட்டினால் தொடைக்கு முழு வலிமை வராது, முழங்கால்தான் வலிக்கும். உயரம் 160 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்கள் 27.5 அங்குலச் சக்கரத்தையும் பாருங்கள். சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரம் பொருத்தினால் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசும். 29 அங்குலம், 700சி என்று இரண்டு பெயரில் விற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். இரண்டு ரிம்மும் 622 மில்லிமீட்டர் விட்டம்தான்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். பின்னாளில் அகலமான டயர் போடுவதும், மழைக்கு மட்கார்டு மாட்டுவதும் அந்த இடைவெளியைப் பொறுத்தது. கேரியர் பொருத்தத் திருகுத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள், முதுகுப்பை இல்லாமல் வேலைக்குப் போகலாம். புது கேபிள் முதல் சில வாரங்களில் தளரும், கியர் தடுமாறும். இலவச சர்வீசை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மிச்சமாகும் காசில் அழுத்தமானி உள்ள பம்ப், ஹெல்மெட், பின்விளக்கு மூன்றையும் வாங்கிவிடுங்கள். மலையடிவாரத்தில் காப்புக்காட்டு எல்லைக்குள் போகும் தடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாடும் பகுதி அது, விடியலிலும் அந்தியிலும் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே வேண்டாம். குளக்கரையும் வாய்க்கால் ஓரமும் தொடக்கத்துக்கு நிறையவே போதும்.