மூன்று கம்பியில் ஒன்றை மட்டும் தட்டினால்

பீத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேட்டுவிட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "இரண்டாம் பகுதியில் வயலின், செல்லோ எல்லாம் சேர்ந்து அதட்டுகின்றன, பியானோ முணுமுணுக்கிறது. ஆனாலும் காதில் நிற்பது பியானோதான். எப்படி?"

பாதி பதில் எளிது. இரு தரப்பும் பெரும்பாலும் மாறி மாறித்தான் பேசுகின்றன. மீதிப் பாதி பியானோவுக்குள் இருக்கிறது.

1805-06இல் எழுதப்பட்ட இந்தக் கான்செர்ட்டோவை, 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில் நான்கு மணி நேரம் நீண்ட கச்சேரியில் பீத்தோவனே வாசித்தார். ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகளும் அன்றுதான் முதன்முதலாகப் பொதுமேடை ஏறின. வழக்கமாக ஆர்கெஸ்ட்ரா நீளமாக வாசித்து முடிக்கும்வரை பியானோக்காரர் காத்திருப்பார். இதில் பியானோதான் தனியாக, மென்மையாகத் தொடங்குகிறது.

இரண்டாம் பகுதியில் ஆர்கெஸ்ட்ராவில் வில் வாத்தியங்கள் மட்டுமே. எல்லாம் ஒரே மெட்டை வெட்டி வெட்டி, உரக்க வாசிக்கின்றன. யாழிசையால் பாதாள உலகை இளக்கிய ஆர்ஃபியஸின் கதை இது என்பார்கள். எனக்குக் கதை வேண்டாம், இடது பெடல் போதும். பியானோவுக்கு இங்கே பீத்தோவன் எழுதிய குறிப்பு 'ஊனா கோர்டா': ஒரே கம்பி. அதாவது, இடது பெடலை அழுத்தி வாசி.

பியானோவின் பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். சுத்தியல் மூன்றையும் ஒன்றாகத் தட்டினால் மூன்றும் சேர்ந்து மேலும் கீழும் ஆடி, கம்பிகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரக்கட்டையை ஒரே திசையில் தள்ளும். குதிரை, சத்தத்தை வெளியே பரப்பும் ஒலிப்பலகையை நன்றாக உலுக்கும். சத்தம் பெரிது, ஆனால் ஆற்றலும் சீக்கிரம் கரையும். இடது பெடலை அழுத்தினால் விசைப்பலகை சற்றே நகர்ந்து, சுத்தியல் எல்லாக் கம்பிகளையும் தொடாது. அப்போதுதான் வேடிக்கை. தட்டுப்பட்ட கம்பி குதிரையை அசைக்க, குதிரை தட்டுப்படாத கம்பியை எழுப்ப, கொஞ்ச நேரத்தில் இரண்டும் எதிரெதிராக ஆடத் தொடங்குகின்றன. ஒரு கதவை இருவர் இரு பக்கமிருந்தும் சமமாகத் தள்ளினால் கதவு நகருமா? குதிரையும் அப்படியே அநேகமாக நின்றுவிடுகிறது. ஆற்றல் வெளியேற வழியில்லாமல் கம்பிகளிலேயே தங்கிச் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. தொடக்கத் தட்டு சிறிது. அதற்குப் பின்வரும் மெல்லிய நாதம் அதைவிட நீளம். வில் வாத்தியங்களின் வெட்டுச் சத்தம் நின்ற இடைவெளியில் காதுக்குக் கிடைப்பது அந்த நாதம்தான்.

இதைக் கணக்கோடு விளக்கியவர் மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக், 1977இல். பியானோ கம்பியை ஆராயப் போகிறேன் என்று நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று திருப்பிக் கேட்கும் குழுக்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, பீத்தோவன் இன்னொன்றும் செய்தார். பகுதியின் இறுதியை நெருங்கும்போது இரண்டு சுரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிக்கும் நீண்ட நடுக்கம் ஒன்று வரும். அங்கே பெடலை விட்டு இரண்டு கம்பி, பிறகு மூன்று, அப்புறம் படிப்படியாக மறுபடி ஒன்று என்று குறித்திருக்கிறார். இன்றைய கிராண்ட் பியானோவில் பெடலை முழுக்க அழுத்தினாலும் சுத்தியல் இரண்டு கம்பிகளைத் தொடத்தான் செய்யும். அந்தக் கடைசிப் படியை வாசிப்பவர் விரலால்தான் சமாளிக்க வேண்டும்.